வட்டுக்கோட்டை மாணவரின் இல்லம்

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பழந்தமிழ் நூல்களின் பதிப்பாசிரியராக அறிந்தோர் பலர்; அவர்தம் குடும்பத்திற் சமயம் நடந்த வழியை அறிந்தோர் சிலரே. தந்தையார் வைரவநாதர் கிறிஸ்தவர். மைந்தரும் அச்சூழலிலேயே வளர்ந்து, அமெரிக்க மிசனரிமாரின் வட்டுக்கோட்டைச் செமினறியில் வேதாகமமும் ஆங்கிலமும் தமிழும் பிறவும் கற்றார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராயினார்.

ஆயின் அவர் உள்ளம் சைவத்தின்பாற் சென்றது. அந்நெறியின் உயர்வை நாட்டச் சைவ மகத்துவம் என்னும் நூலை இயற்றினார். கற்பித்த ஆசிரியர்க்கு இது கசந்திருத்தல் கூடும். எனினும் ஒன்றை ஆராய்ந்து தெளியும் பழக்கத்தை அவர்க்கு ஊட்டியதும் அச்செமினறியே அன்றோ? 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அவர் பதிப்பித்தபோது, அதனைப் பரிசோதித்து உதவியவர் சைவங் காத்த ஆறுமுக நாவலர்.

இனி, 1873இல் அவர்க்குப் பிறந்த புதல்வர் அழகசுந்தரத்தின் செய்தி வியப்புக்குரியது. தந்தையார் நீங்கிய நெறியை அவர் மேற்கொண்டு, பிரான்சிஸ் கிங்ஸ்பெரி எனப் பெயர் பூண்டு, கிறிஸ்தவ குருவாகிப் பெங்களூர் இறையியற் கல்லூரியிற் கற்பித்தார். தந்தை விட்டதைத் தனயர் தொட்டார் என்று கூறி இவ்வரலாற்றை முடித்துவிடலாகாது. அக்குருவே 1921இல் பிலிப்ஸ் என்பாருடன் கூடித் தேவார திருவாசகப் பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து நூலாக வெளியிட்டார். அதனைக் காணத் தாமோதரம்பிள்ளை இருந்திலர். 1901ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே அவர் மறைந்துவிட்டார்.