தன்னைப் போன்ற ஒருவரைத் தேடியவர்

மதுவுக்கு அடிமையானவருக்கு அறிவுரை கூறப் பலர் உண்டு. தாய் மன்றாடுவாள், மனைவி அழுவாள், நண்பர் கண்டிப்பார். அவரும் இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்வார். சில நாட்களில் அதை மீறுவார். அறிவுரையும் சத்தியமும் தோற்றுப்போன இடத்தில் ஒரு வழியைக் கண்டவர் பில் வில்சன்.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்திலுள்ள ஈஸ்ட் டார்செட் என்ற சிற்றூரில் 1895 நவம்பர் 26 அன்று அவர் பிறந்தார். பெற்றோர் பிரிந்துவிட்டதால் தாத்தா, பாட்டியிடம் வளர்ந்தார். முதல் உலகப் போரின்போது இளம் ராணுவ அதிகாரியாக இருந்த அவர் ஒரு விருந்தில் மதுவைச் சுவைத்தார். பிறரிடம் பழகத் தடையாயிருந்த கூச்சம் அகன்றது. அன்று விடுதலையாகத் தோன்றியதே பின்னர் விலங்காயிற்று.

1918-இல் லோயிஸ் என்ற பெண்மணியை மணந்தார். நியூயார்க் பங்குச் சந்தையில் பெரும் பொருள் ஈட்டினார். 1929-இல் சந்தை சரிந்தபோது செல்வம் போயிற்று. குடி மட்டும் வளர்ந்தது. லோயிஸ் கடையில் வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். பில் மீண்டும் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இது வெறும் ஒழுக்கக் குறைவன்று, உடலையும் மனத்தையும் ஒருசேரப் பற்றும் நோய் என்று மருத்துவர் சில்க்வொர்த் விளக்கினார். பில் அதைப் புரிந்துகொண்டார். ஆயினும் அந்த அறிவு மட்டும் அவரைக் காக்கவில்லை.

1934 நவம்பரில், உடன் குடித்த பழைய நண்பர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். பில் நீட்டிய மதுவை அவர் மறுத்தார். சமயப் பற்றுள்ள குழு ஒன்றில் சேர்ந்து குடியை விட்டதாகக் கூறினார். அடுத்த மாதம் மருத்துவமனையில் துயரின் ஆழத்தில் கிடந்த பில், அகந்தை உடைந்து இறைவனைக் கூவி அழைத்தார். அறை முழுதும் ஒளி நிறைந்ததாகவும், பேரமைதி சூழ்ந்ததாகவும் உணர்ந்தார். அதன்பின் இறுதிவரை அவர் மதுவைத் தொடவில்லை.

அந்த உற்சாகத்தில் பல குடிநோயாளிகளைத் தேடிச் சென்று தம் அனுபவத்தை எடுத்துரைத்தார். ஒருவரும் திருந்தவில்லை. ஆனால் அந்த மாதங்களில் அவர் மட்டும் குடிக்காமல் இருந்ததை லோயிஸ் சுட்டிக்காட்டினார். உபதேசத்தைக் குறைத்து நோயின் தன்மையைப் பற்றிப் பேசுமாறு சில்க்வொர்த் அறிவுறுத்தினார்.

1935 மே மாதம் வணிக நிமித்தமாக ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குச் சென்றார். முயற்சி தோற்றது. விடுதியின் முன்கூடத்தில் கையில் சிறிது பணத்துடன் தனியே நின்றார். மதுக்கூடத்திலிருந்து சிரிப்பொலி வந்தது. உள்ளே சென்றால் மீள முடியாது என்பதை அறிந்தார். கூடத்திலிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் ஒரு பாதிரியாரை அழைத்தார். தம்மைக் காப்பாற்றும்படி அவர் கேட்கவில்லை. தம்மைப் போன்ற ஒரு குடிநோயாளியைக் காட்டும்படி கேட்டார்.

அந்தத் தேடல் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடம் அவரைச் சேர்த்தது. 15 நிமிடம் மட்டுமே தருவதாகக் கூறி வந்த மருத்துவர், இரவு வெகுநேரம் வரை அமர்ந்திருந்தார். காரணம், பில் உபதேசிக்கவில்லை. தாம் பட்டதைச் சொன்னார். சில வாரங்களில் ஒருமுறை சறுக்கிய பாப், 1935 ஜூன் 10-க்குப் பிறகு குடிக்கவில்லை. அந்நாளே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது.

1939-இல் இயக்கத்தின் நூல் வெளிவந்தது. அதில் பில் வகுத்த 12 படிகள், தன் இயலாமையை ஏற்பதில் தொடங்கி, அவரவர் உணரும் இறைவனிடம் சரணடைதல், குற்றங்களை ஆராய்ந்து ஒப்புக்கொள்ளுதல், தம்மால் தீங்குற்றோருக்கு ஈடுசெய்தல், பிரார்த்தனை, தியானம் எனச் சென்று, துன்புறும் மற்றொருவருக்குத் தொண்டு செய்வதில் முடிகின்றன. 1951-இல் லோயிஸ், குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக அல்-அனான் அமைப்பைத் தொடங்கினார்.

உறுப்பினர் எவரும் முழுப்பெயரை வெளியிடலாகாது என்ற நெறிக்கேற்ப, 1954-இல் யேல் பல்கலைக்கழகம் வழங்க முன்வந்த கௌரவப் பட்டத்தை பில் மறுத்தார். 1955-இல் தலைமைப் பொறுப்பையும் உறுப்பினர்களிடமே ஒப்படைத்தார். குடியை விட்ட பின்னரும் பல ஆண்டுகள் மனச்சோர்வு அவரை வாட்டியது. புகைப்பழக்கம் நுரையீரலைக் கெடுத்தது. 1971 ஜனவரி 24 அன்று, தமது மணநாளிலேயே காலமானார். குறைகளற்ற மகானாக அவர் தம்மைக் கருதியதில்லை.

ஆக்ரனில் அவர் செய்த அதே தேடல் பின்னர் டில்லியிலும் நிகழ்ந்தது. கனடா தூதரகப் பணியில் அங்கிருந்த உறுப்பினர் ஒருவர் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். அதைக் கண்டு தொடர்புகொண்ட இந்தியர் ஒருவரின் முயற்சியால் 1957 மே மாதம் பம்பாயில் ஒரு குழு உருவாயிற்று. நம் நாட்டில் இயக்கம் வேரூன்றிய வரலாறு இது.

இன்று டில்லி உட்படப் பல நகரங்களில் கூட்டங்கள் நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை, குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் நேரலாம். ஆகவே முதலில் மருத்துவரை நாட வேண்டும். டில்லியைச் சேர்ந்தோருக்கு காசியாபாத்தில் எய்ம்ஸ் நிறுவனத்தின் போதை சிகிச்சை மையம் உள்ளது. மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446.

ஆக்ரன் விடுதியில் நின்றவருக்கு மதுக்கூடமும் தொலைபேசியும் சில அடி தூரத்திலேயே இருந்தன. அவர் தொலைபேசியை எடுத்தார். பிறருக்கு உதவ நீட்டிய அந்தக் கையே அவரையும் கரையேற்றியது.