காட்டைப் படித்த கிருஷ்ணன்

நீங்கள் கொடைக்கானலுக்குப் போயிருக்கிறீர்களா? ஏரியில் படகு விட்டிருப்பீர்கள். சாக்லேட் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். அங்கிருந்து மேற்கே, பூம்பாறையையும் தாண்டிப் போனால் கூக்கால் என்று ஒரு மலைக்கிராமம் வரும். படிப்படியாக வெட்டிய தோட்டங்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் ஊர். பக்கத்திலேயே அழகான ஓர் ஏரி. சுற்றிலும் புல்வெளி, சோலைக்காடு.

அப்படிப்பட்ட ஊருக்கு, முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலையேறப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பையில் என்னென்ன எடுத்து வைப்பீர்கள்? தண்ணீர் பாட்டில், ஸ்வெட்டர், மழைக்கோட்டு, டார்ச் லைட், மதியத்துக்குப் புளிசாதம், அட்டை கடித்தால் போட உப்பு... சரிதானே?

எல்லாம் சரி. ஆனால், காட்டு விலங்குகளைப் பார்க்க வேண்டுமானால் பையில் வைக்க முடியாத ஒன்றும் வேண்டும். அதுதான் பொறுமை! அந்தப் பொறுமையை வைத்தே வாழ்நாள் முழுவதும் காடு காடாகச் சுற்றிய ஒரு தமிழரைப் பற்றித்தான் இன்று தெரிந்துகொள்ளப் போகிறீர்கள். அவர் பெயர் மா. கிருஷ்ணன். இந்தியாவின் மிகச் சிறந்த இயற்கை எழுத்தாளர்களில் ஒருவர். காட்டு விலங்குகளைப் படம் எடுப்பதிலும் முன்னோடி.

கீரி வளர்த்த சிறுவன்

கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். அப்பா யார் தெரியுமா? 'பத்மாவதி சரித்திரம்' என்ற புகழ்பெற்ற நாவலை எழுதிய அ. மாதவையா! அவருடைய எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டிதான் கிருஷ்ணன்.

குடும்பம் சென்னை மயிலாப்பூரில் வசித்தது. இன்று அங்கே கட்டடங்களுக்கு நடுவில் வானத்தைத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் புதர்க்காடு. நரிகள் ஊளையிடும். வெளிமான்கள் மேயும். பறவைகளுக்குக் கணக்கே இல்லை. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரியைச் செல்லமாக வளர்த்தார். (நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள். காட்டு விலங்குகளை வீட்டில் வளர்ப்பது இன்று சட்டப்படி குற்றம்.)

1925-இல் பெரிய துயரம் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகக் கூட்டத்தில், பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்த மாதவையா, அந்த இடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

கொடைக்கானல் மலையில் ஒரு வகுப்பு

1927-இல் கிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் ஃபைசன் என்ற ஆங்கிலேயர். நீலகிரி, பழனி மலைகளின் உச்சிகளில் வளரும் செடி கொடிகளைப் பற்றி மூன்று தொகுதிகளில் நூல் எழுதியவர் அவர். கரும்பலகையில் மட்டும் பாடம் நடத்துகிறவர் இல்லை. மலைக்கே போய் பூவைக் காட்டிச் சொல்லிக் கொடுப்பார்!

நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைகளுக்கும் ஃபைசன் போனபோது கிருஷ்ணனும் கூடப் போனார். ஃபைசனின் மனைவி நன்றாகப் படம் வரைவார். அவரிடம் நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொண்டார் கிருஷ்ணன். ஒரு பூவை வரைய வேண்டுமானால் அதற்கு எத்தனை இதழ், காம்பில் முடி இருக்கிறதா, இலை எப்படி மடிந்திருக்கிறது என்று உற்றுப் பார்த்தே ஆக வேண்டும் அல்லவா? அப்படி உற்றுப் பார்க்கும் கண்தான் பிறகு காட்டில் அவருக்குக் கைகொடுத்தது.

வேலை போனது, காடு கிடைத்தது

1931-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். ஆனால் படிப்பில் முதல் வரிசை மாணவர் இல்லை அவர். வேலை கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. சிறு பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார். கேலிச் சித்திரம் வரைந்தார்.

1942-இல் பெல்லாரிக்கு அருகிலுள்ள சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. என்ன வேலை என்று கேட்கிறீர்களா? பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று ஒன்று மாற்றி ஒன்று! கிடைத்த நேரத்திலெல்லாம் அங்கிருந்த மலைகளிலும் புதர்க்காடுகளிலும் சுற்றினார். ஆடு வளர்த்துப் பார்த்தார். கடிதம் கொண்டுபோக புறாக்களைப் பழக்கினார்.

1949-இல் சந்தூர் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. வேலை போயிற்று. குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பினார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? உடனே வேறு வேலை தேடுவீர்கள். கிருஷ்ணன் அப்படிச் செய்யவில்லை. எழுதுவது, வரைவது, படம் எடுப்பது இவற்றை வைத்தே பிழைப்பது என்று முடிவு செய்தார். மாதச் சம்பளம் கிடையாது. எழுதினால்தான் பணம்! வயது 37 ஆனபோது எடுத்த அந்த முடிவை அவர் கடைசி வரை மாற்றிக்கொள்ளவில்லை.

ஒட்டுப் போட்ட கேமரா

1950-இல் கல்கத்தாவிலிருந்து வந்த 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றி ஒரு தொடர் பகுதி எழுதத் தொடங்கினார். யானை, புலி பற்றி மட்டும் எழுதினார் என்று நினைக்காதீர்கள். காகம், அணில், பல்லி, ஆந்தை என்று நம் வீட்டைச் சுற்றி இருப்பவையும் அதில் வரும். ஆங்கிலத்தில் மட்டுமல்ல, தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக வந்திருக்கின்றன.

காட்டுக்குள் அவர் சுமந்து சென்ற கேமராவைப் பார்த்தால் சிரிப்பீர்கள். உடல் ஒரு கம்பெனியுடையது. லென்ஸ் வேறு கம்பெனியுடையது. மற்றவை அங்கங்கே கிடைத்தவை. எல்லாவற்றையும் தானே ஒட்டவைத்துச் சேர்த்திருந்தார். கனமோ கனம்! அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை, குறிப்பாகக் காட்டு யானைப் படங்களை, இன்றும் வியந்து பார்க்கிறார்கள்.

பழக்கிய யானை மீது அமர்ந்தும், சில சமயம் நடந்தும் காட்டு விலங்குகளை நெருங்கினார். அது விளையாட்டுக் காரியமா? ஒரு காட்டு யானை திரும்பி ஓடி வந்தால் மனிதன் ஓடித் தப்புவது மிகக் கடினம். அப்புறம் எப்படி?

காடு சொல்லும் பாடங்கள்

காட்டில் தப்பிப் பிழைப்பது என்றால் கத்தியும் துப்பாக்கியும் வேண்டும் என்று சினிமாவில் காட்டுவார்கள். உண்மையில் வேண்டியவை கண், காது, அடக்கம் மூன்றும்தான். இதோ சில பாடங்கள்:

* காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று முதலில் பாருங்கள். யானைக்குப் பார்வை கொஞ்சம் மந்தம். மோப்ப சக்தியோ மிக அதிகம். உங்களிடமிருந்து யானையை நோக்கிக் காற்று வீசினால், நீங்கள் அதைப் பார்க்கும் முன்பே அது உங்களை அறிந்துவிடும்.

* காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கருமந்தி மரத்தில் நின்று பதறிக் கத்தினாலோ, கடமான் திடீரென்று உரக்க ஒலி எழுப்பினாலோ, பக்கத்தில் சிறுத்தை போன்ற விலங்கு இருக்கலாம். காட்டில் ஒரு விலங்கின் எச்சரிக்கை மற்ற விலங்குகளுக்கும் உதவுகிறது. புரிந்துகொண்டால் உங்களுக்கும்தான்!

* கொடைக்கானல் பக்கம் காட்டுமாடுகள் நிறைய உண்டு. காட்டெருமை என்று சொல்கிறார்களே, அதுதான். பெயரில்தான் எருமை, உண்மையில் பசுவுக்குத்தான் நெருங்கிய சொந்தம். சாதுவாக மேய்ந்துகொண்டிருக்கும். கிட்டே போய்ப் படம் எடுக்க முயன்றால் ஆபத்து. தூர நின்று பார்ப்பதுதான் அதற்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

* வனத்துறையின் அனுமதியும் வழி தெரிந்த உள்ளூர்க்காரர் துணையும் இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்கவே கூடாது. பழனி மலையின் ஒரு பகுதி 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

எதற்காக அலைந்தார்?

வெறும் படம் எடுப்பதற்காக மட்டும் கிருஷ்ணன் அலையவில்லை. எந்தக் காட்டில் எந்த விலங்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால்தானே காப்பாற்ற முடியும்? 1968-இல் அவருக்கு ஜவாஹர்லால் நேரு ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. அதைக்கொண்டு தென்னிந்தியா உட்பட தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டி விலங்குகளைப் பற்றி ஆராய்ந்தார். அந்த ஆய்வை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-இல் நூலாக வெளியிட்டது. 1970-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

இன்னொரு விஷயத்திலும் அவர் பிடிவாதக்காரர். நம் மண்ணில் நம் மரங்களைத்தான் வளர்க்க வேண்டும், அழகாக இருக்கிறதே என்று வெளிநாட்டு மரங்களை நட்டு நிரப்பக் கூடாது என்று வாதாடினார். அதைக் கேட்டுச் சிலருக்குச் சிரிப்பு வரலாம்.

சிரிக்க வேண்டிய விஷயமா அது? மறுபடி பழனி மலையைப் பாருங்கள். அங்கே மலையின் மடிப்புகளில் சோலைக்காடு இருக்கும். மேட்டில் புல்வெளி இருக்கும். இரண்டும் சேர்ந்து மழைநீரைப் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் ஓடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். வெறும் புல்தானே என்று நினைத்து, அந்தப் புல்வெளிகளில் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களை ஏராளமாக நட்டார்கள். பல இடங்களில் புல்வெளி மறைந்தது. புல்லை நம்பிய உயிர்களுக்கு இடம் போயிற்று. வாட்டில் மரம் நட்டவர்கள் இல்லாத இடங்களிலும் தானாகப் பரவியது. இன்று அவற்றை அகற்றிப் புல்லையும் சோலை மரங்களையும் மீட்க முயல்கிறார்கள். நடுவது சுலபம், மீட்பது எவ்வளவு கஷ்டம் பார்த்தீர்களா?

கூக்கால் போன்ற இடங்களில் சோலை மிச்சம் இருப்பதால்தான் பழனிமலைச் சிரிப்பான் என்ற சிறு பறவையின் குரலை அங்கே கேட்க முடிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது!

கடைசி நாள் வரை

1995-இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 'குளோபல் 500' பட்டியலில் கிருஷ்ணனைச் சேர்த்துக் கௌரவித்தது. 1996 பிப்ரவரி 18-ஆம் தேதி, 83-ஆம் வயதில் அவர் காலமானார். 1950-இல் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் பகுதியை அவர் அதுவரை நிறுத்தவே இல்லை. 46 ஆண்டுகள்! அவருடைய கடைசிக் கட்டுரை அச்சில் வந்ததும் அவர் இறந்த அதே நாளில்தான்.

காட்டுக்குப் போக உங்களுக்கு இப்போது வாய்ப்பு இல்லையா? கவலை வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை மொட்டை மாடியிலோ திண்ணையிலோ பதினைந்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். பிறகு அணில் வரும். மைனா வரும். அது என்ன தின்கிறது, எப்படி நடக்கிறது, யாரோடு சண்டை போடுகிறது என்று எழுதுங்கள்; தெரிந்த அளவுக்குப் படமும் வரையுங்கள். பெயர் தெரியாவிட்டால் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். தமிழில் நல்ல பெயர் இருக்கும்.

கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன கிருஷ்ணனும் இந்தப் பாடத்தைத்தான் முதலில் கற்றார். நீங்களும் நாளைக்கே தொடங்கலாமே!