ராபர்ட் கோக் என்பாரும் குடற்கிருமிக் கணக்கும்

குடலில் வாழும் கிருமிகளைப் பிரித்தெடுத்து எண்ணுதற்கு எளிய வழி வகுத்தவர் ஜெர்மானிய வைத்தியர் ராபர்ட் கோக் ஆவர். 1843-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் கிளவுஸ்தால் என்னும் சுரங்கவூரிற் பிறந்த இவர், வோல்ஸ்டைன் என்னும் சிறுநகரில் வைத்தியராய் இருந்தபோதே ஆராய்ச்சியில் தலைப்பட்டு, 1882-இல் க்ஷயரோகக் கிருமியைக் கண்டு புகழெய்தினார். அது பலரும் அறிந்ததாதலின் ஈண்டு விரிக்கின்றிலம்.

அக்காலத்தார் கிருமிகளை இறைச்சிச் சாற்றில் வளர்த்தனர். அதிற் பலவகையும் கலந்து பெருகும். அவித்தறுத்த உருளைக்கிழங்கின்மேல் அவை தனித்தனிப் புள்ளிகளாய் வளர்வதைக் கண்ட கோக், சாற்றில் ஜெலட்டினைக் கூட்டி இறுகச் செய்தார். அஃது உருகியிருக்கும்போது மலத்தில் ஒரு துளியை நீர்த்துக் கலந்து கண்ணாடித் தகட்டில் ஊற்றினால், ஒவ்வொரு கிருமியும் தான் சிக்கிய இடத்திலேயே பெருகிக் கண்ணுக்குப் புலனாம். புள்ளிகளை எண்ணினால் கிருமிகளை எண்ணியவாறாம். ஜெலட்டின் வெப்பத்தில் இளகுவது. அக்குறை தீரக் கடற்பாசி அகரைக் கூறியவர் உதவியாளர் ஹெஸ்ஸேயின் மனைவியார் பன்னி அம்மையார். அடுக்களையறிவு ஆய்வுக்கூடத்துக்கு உதவிய விதம் நமக்கு மிக இனிக்கின்றது.

1883-இல் வாந்திபேதியை ஆராய எகிப்து சென்றார். ஆங்குப் பிரெஞ்சுக் குழுவைச் சேர்ந்த துய்யே என்னும் இளைஞர் அந்நோய்க்கே இரையானார். கொள்ளை தணியவே, கோக் நோயைத் தொடர்ந்து டிசம்பரில் கல்கத்தா வந்தார். 1884 ஜனவரியில் வளைந்த கிருமியொன்றைத் தனியே வளர்த்தெடுத்தார். பேதியால் இறந்தோர் குடலில் அது காணப்பட்டது. பிற நோயால் இறந்தோரிடம் காணப்படவில்லை. பேரிகை, ஓசூர்ப் பக்கத்து முதியோர் அறிந்த ஊர்க்குளங்களைப் போலக் குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் பயன்பட்ட புறநகர்க் குளமொன்றிலும் அதனைக் கண்டார்.

இக்கிருமியை 1854-இலேயே இத்தாலியர் பாச்சினி கண்டிருந்தார்; உலகம் செவிசாய்க்கவில்லை. கோக்குக்கும் ஒரு தடை எஞ்சியது: எந்த விலங்குக்கும் அந்நோயை உண்டாக்க அவரால் இயலவில்லை. தாமே விதித்த நிபந்தனை நிறைவேறாததை அவர் மறைக்கவில்லை. கிருமி விளைக்கும் நஞ்சே நோய்க்குக் காரணமென ஊகித்தார். 1905-இல் நோபல் பரிசு பெற்று, 1910 மே 27-இல் மறைந்தார்.

அவ்வூகத்தை மெய்ப்பித்தவர் அதே கல்கத்தாவில் சம்புநாத் டே. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, கிருமி நீக்கிய வளர்ப்புச் சாற்றை உட்செலுத்த, அப்பகுதி நீரால் நிரம்பியதை 1959-இல் வெளியிட்டார். கோக் தொடங்கிய வேலை முடிய எழுபத்தைந்தாண்டு சென்றது!

குடற்கிருமிகளுட் பல காற்றுப்பட்டால் மடிவன. ஆதலின் திறந்த தகட்டில் அவை தோன்றா. இன்று மரபணுவைப் படித்து அவற்றையும் கணக்கிடுகின்றனர். ஆயினும், கண்ட மரபணு உயிருள்ள கிருமியினதா, இறந்ததனதா என்று ஐயம் எழுங்கால், ஆய்வாளர் வளர்ப்புத் தகட்டையே நாடுகின்றனர்.