பாடசாலைக்காக வாதாடிய மேய்ப்பர்



ஆவணித் திருவிழாவுக்காக உயிலங்குளம் வழியாக மடுவை நோக்கிச் செல்லும் நீங்கள், அங்கு எழுந்து நிற்கும் ஆலயத்திற்கு 1872ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டியவர் யார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அந்நாளில் யாழ்ப்பாணத்தின் ஆயராய் விளங்கிய கிறிஸ்தோபர் பொஞ்சீன் ஆண்டகையே அவர். ஆலயங்களைக் காட்டிலும் பாடசாலைகளுக்காகவே அவர் மிகுதியாகப் பாடுபட்டார் என்பது அடியேனின் எண்ணம்.

பிரான்ஸ் நாட்டின் ரியோம் நகரில் 1823இல் பிறந்த இவர், முதலில் மறைபணியாற்ற வந்த இடம் தமிழகத்தின் கோயம்புத்தூர். பின்னர் அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து 1856இல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் அவருக்கு ஏற்கெனவே கைவந்திருந்தது.

அன்றைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்தில் குருக்களின்றி, மூப்பர்மாரின் துணையோடு விசுவாசத்தைக் கட்டிக்காத்த மக்கள் நம் கரையோர மக்கள். ஆங்கிலேயர் 1841இல் பாடசாலை ஆணைக்குழு ஒன்றை அமைத்தனர். எல்லா மதப் பிள்ளைகளும் ஒரே பாடசாலையில் பயில வேண்டும் என்பது அதன் எண்ணம். ஆனால் அங்கே ஓங்கி நின்றது அரசின் திருச்சபையான ஆங்கிலிக்கத்தின் செல்வாக்கு. பிள்ளைக்கு எழுத்தறிவா, முன்னோர் காத்த விசுவாசமா என்ற இக்கட்டில் கத்தோலிக்கப் பெற்றோர் நின்றனர். ஏழைப் பெற்றோர் பலர் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டனர் என்றால் அவர்களைக் குறைகூற இயலுமா?

இவ்விக்கட்டை உடைக்கவே பொஞ்சீன் அடிகளார் எழுதுகோலை எடுத்தார். 1861இல் இதுபற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூலை வெளியிட்டார். கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கப் பாடசாலை வேண்டும் என்பதோடு அவர் வாதம் நின்றுவிடவில்லை. சைவப் பிள்ளைக்குச் சைவப் பாடசாலையும், பௌத்தப் பிள்ளைக்குப் பௌத்தப் பாடசாலையும் வேண்டும். அரசு எவர் மதத்திலும் தலையிடாமல், கற்பிக்கப்படும் உலகியல் பாடத்தை மட்டும் அளந்து பார்த்து எல்லார்க்கும் உதவ வேண்டும் என்றார். ஒரு மறைபரப்பாளர் அக்காலத்தில் இவ்வாறு வாதாடியது சாதாரணமன்று. ஆறுமுக நாவலர் 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை நிறுவியிருந்தார் என்பதையும் இங்கு நினைவிற்கொள்வோம்.

சட்டசபை 1865இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1867இல் வந்தது. 1869இல் பொதுக் கல்வித் திணைக்களம் தோன்றியது. மதச் சபைகளின் பாடசாலைகளுக்கு உதவிநன்கொடை வழங்கும் வழி விரிந்தது. பரிசோதகர் வந்து வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றில் மாணவரைச் சோதிப்பார். சித்தியடைந்தோரின் எண்ணிக்கைக்கேற்பப் பணம் கிடைக்கும். மறைக்கல்வி அவர் கணக்கில் வராது.

இம்முறை குறையற்றதன்று. சோதனைக்காக மனனம் செய்விக்கும் வழக்கம் இதனால் வேரூன்றியது. இன்றும் அது நம்மை விட்டபாடில்லை! மேலும், உதவியின் பெரும்பங்கு நடைமுறையில் கிறிஸ்தவ சபைகளுக்கே சென்றது. ஆண்டகை எழுத்தில் கேட்ட சமநீதி செயலில் வரவில்லை. அந்த மனக்குறை நெடுங்காலம் புகைந்து, 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின் கைக்குச் சென்றதற்கு ஒரு காரணமாயிற்று என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை.

1868இல் ஆயர் பொறுப்பேற்ற அவர், ஊர்தோறும் ஆலயத்தோடு பாடசாலையும் எழ உழைத்தார். 1862இல் யாழ்ப்பாணம் வந்திருந்த திருக்குடும்பக் கன்னியர்க்குத் துணைநின்று பெண்கல்வியை வளர்த்தார். வாசிக்கக் கற்றவர்க்கு வாசிக்க ஏதேனும் வேண்டுமல்லவா? 1876இல் சத்தியவேத பாதுகாவலன் என்னும் தமிழ் இதழ் அவருடைய காலத்திலேயே பிறந்தது. பாதுகாவலனை வாசித்து வளர்ந்த இல்லங்கள் நம்மிடையே எத்தனை!

1883இல் கொழும்புக்கு மாற்றப்பட்டு, 1886இல் அதன் முதற் பேராயரானார். தலைநகரில் கத்தோலிக்க இளைஞர்க்கு ஓர் உயர் கல்லூரி வேண்டும் என்பது அவரது இறுதிக்கால ஏக்கமாயிருந்தது. 1892 ஆவணி 3ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரி திறக்கப்பட்டது 1896இல்.