கண்ணாடிப் பேழை தந்த வார்டு

இக்காலத்துப் புதுமனைகளிற் புகுவோர், மேசையின் மீதும் சாளரத்தின் அருகும் வைக்கப்பெற்ற சிறு கண்ணாடிக் கலங்களுள், பாசியும் பெரணியும் பசுமை குன்றாது வளர்வதைக் காண்பர். நாடோறும் நீர் வார்ப்பார் இன்றியும் நெடுநாள் வாழும் அச்சிறு வனங்களை டெர்ரேரியம் என வழங்குவர். அவற்றின் அழகைக் கண்டு மகிழ்வார் பலர். அவற்றை முதற்கண் உலகறியச் செய்தவர் யாவர் என வினவுவார் மிகச் சிலர். அவர் நதானியல் பாக்சா வார்டு என்னும் ஆங்கில மருத்துவர் ஆவர். அப்பெரியாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

வார்டு 1791-ஆம் ஆண்டு லண்டன் மாநகரிற் பிறந்தார். இவர்தம் தந்தையாரும் மருத்துவரே. பதின்மூன்றாம் அகவையில் இவர் கப்பலேறி ஜமெய்க்காத் தீவிற்குச் சென்றார். ஆங்கு வெப்பநாட்டுக் காடுகளின் செழுமையையும், வானளாவிய மரங்களையும், அவற்றின் நிழலில் தழைத்த பெரணிகளையும் கண்ட இளைஞர் உள்ளத்தில், செடிகொடிகளின்பால் அன்பு வேரூன்றியது. அவ்வன்பு பின்னர் ஒருபோதும் வாடிற்றிலது. ஊர் திரும்பியபின் மருத்துவம் பயின்று, தந்தையார் வழியே அத்தொழிலை மேற்கொண்டார்.

ஆயின், விதி இவரை வாழவைத்த இடம் பசுமைக்குப் பகையாயிருந்தது. லண்டன் நகரின் கீழ்ப்பகுதியில், துறைமுகத்திற்கு அணித்தாயுள்ள வெல்க்ளோஸ் சதுக்கத்தில் இவர் இல்லம் இருந்தது. சூழ இருந்த ஆலைகளும் அடுப்புகளும் நிலக்கரிப் புகையை ஓயாது கக்கின. இவர் தம் இல்லத்தின் பின்புறத்தே கற்களை அடுக்கி, மேலிருந்து நீர் சொட்டுமாறு அமைத்துப் பெரணிகளை வளர்க்க முயன்றார். புகைக்கரி படிந்த காற்றில் அவை ஒன்றன்பின் ஒன்றாய் மடிந்தன. பகலெல்லாம் நோயாளரைக் கண்டு களைத்து இல்லம் திரும்பும் இவர்க்கு அஃது எத்துணைத் துயர் தந்திருத்தல் வேண்டும் என யாம் எண்ணிப் பார்க்கின்றோம். முயன்று முயன்று தோற்ற இவர், இறுதியில் அம்முயற்சியைக் கைவிட்டார்.

கைவிட்ட பொருள் கருதாத வழியே கைவந்தது. 1829-ஆம் ஆண்டு அளவில், அந்துப்பூச்சியொன்று கூட்டினின்று வெளிப்படுதலைக் காண விரும்பிய வார்டு, அதன் கூட்டுப்புழுவை ஈரமண்ணிற் புதைத்து, அகன்ற கண்ணாடிப் புட்டியொன்றில் இட்டு மூடிவைத்தார். பூச்சி வெளிப்படும் முன்னரே, அம்மண்ணினின்று ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. தோட்டத்தில் ஆயிரம் பேணியும் வாழாத பெரணி, பேணாத புட்டியில் தானே வளர்வதேன் என இவர் வியந்தார். மற்றொருவராயின் மண்ணைக் கொட்டிவிட்டுப் பூச்சியையே நாடியிருப்பர். இவரோ அப்புட்டியைத் தம் அறைச் சாளரத்தின் வெளியே வைத்து, நாடோறும் நோக்கி வந்தார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், ஒரு துளி நீரும் வாராமலே அவ்விரண்டும் வாழ்ந்தன. இவர் வெளியூர் சென்றிருந்த காலத்து மூடி துருப்பிடித்து மழைநீர் உட்புகுந்தமையாலேயே அவை அழிந்தன.

இவர் கண்ட உண்மை எளியது. பகலின் வெம்மையால் மண்ணிலும் இலையிலுமுள்ள நீர் ஆவியாகின்றது; அவ்வாவி குளிர்ந்த கண்ணாடியிற் பட்டுத் துளியாகி, மீண்டும் மண்ணிற் சேர்கின்றது. கடலும் முகிலும் மழையுமாகி உலகத்தே நிகழ்வது, ஒரு சாண் புட்டியுள்ளும் நிகழ்கின்றது. ஒளி உட்புகும், கரியும் புழுதியும் உட்புகா. மேலும், புறத்தே வெப்பமும் தட்பமும் விரைந்து மாறினும், உள்ளே அம்மாற்றம் மெல்லவே நிகழும். ஸ்காட்லாந்து நாட்டில் வேறொருவர் சில ஆண்டுகட்கு முன்னரே இம்முறையைக் கையாண்டனரெனினும், அதனை அக்காலத்தே வெளியிட்டாரில்லை. பலவகையானும் சோதித்து உலகிற்கு உரைத்தவர் வார்டே ஆவர்.

அக்காலத்தே தொலைநாடுகளினின்று கப்பலிற் கொணரப்பெற்ற செடிகளுட் பெரும்பாலன வழியிலேயே மடிந்தன. உப்புநீர்த் திவலையும் நன்னீர்க் குறைவும் அவற்றைக் கொன்றன. இதற்குத் தம் பேழை பயன்படுமோ என அறிய விரும்பிய வார்டு, 1833-ஆம் ஆண்டு பெரணி, பாசி, புல் முதலியவற்றை இரு கண்ணாடிப் பேழைகளில் நட்டு, மல்லார்டு என்னும் மீகாமன் வசம் ஆஸ்திரேலியாவிற்கு அனுப்பினார். திங்கள் பல கழித்தும் அவை நலமே சேர்ந்தன. பின்னர், 1834-ஆம் ஆண்டு அந்நாட்டுச் செடிகளைத் தாங்கி அப்பேழைகள் சிட்னியினின்று புறப்பட்டன. ஹார்ன் முனையைச் சுற்றுங்கால் கப்பலின் மேற்றளத்தைப் பனி மூடிற்று. நடுக்கோட்டைக் கடக்குங்கால் வெயில் சுட்டது. எட்டுத் திங்கட்பின் லண்டன் துறையிற் பேழைகளைக் கண்டோர், உள்ளே செடிகள் தளிர்த்து நிற்கக் கண்டு வியந்தனர்.

வார்டு தம் முறையை மறைத்தாரல்லர். தனியுரிமை பெற்றுப் பொருளீட்ட முயன்றாரும் அல்லர். 1836-ஆம் ஆண்டு தாவர நூற்புலவர் ஹூக்கர்க்கு எழுதிய கடித வாயிலாக அச்சிடுவித்தும், 1842-ஆம் ஆண்டு தனிநூலாக வெளியிட்டும் யாவரும் அறியச் செய்தார். அந்நூலுள் எம் உள்ளத்தைக் கவர்ந்த பகுதி ஒன்று உண்டு. அஃது ஏழை மக்களைப் பற்றியது. வெயிலும் நல்ல காற்றும் காணாத சந்துகளில் வாழ்ந்த எளியோரை மருத்துவராகிய இவர் நேரிற் கண்டவர். அவர்தம் சாளரங்களிலும் சிறு பேழையொன்று பசுமை தருதல் வேண்டும் என்பது இவர்தம் வேட்கை. ஆயின், அந்நாளிற் கண்ணாடிக்குக் கடுவரி இருந்தது. 1845-ஆம் ஆண்டே அது நீங்கிற்று. அதன்பின் பேழைகள் பெருகின. பெருகியவை பெரிதும் செல்வர் மாளிகைகளிலேயே. அணிவேலை செய்த பேழைகளிற் பெரணி வளர்த்தல் அக்காலத்துச் சீமாட்டியர்க்குப் பெருவிருப்பாயிற்று. எளியோர்க்கென எண்ணியது ஏந்தலர்க்கு அணியாயிற்று.

வீட்டிற்கு வெளியே அப்பேழை செய்த பணி இன்னும் பெரிது. ராபர்ட் பார்ச்சூன் என்பார் 1848-ஆம் ஆண்டு தொடங்கிச் சீனத்துத் தேயிலைச் செடிகளை அதிலிட்டு இமயச் சாரலுக்கு அனுப்பினார். மலைச்சுரத்தைத் தணிக்கும் சின்கோனா, 1861-ஆம் ஆண்டு தென் அமெரிக்காவினின்று அதன்வழியே நமது நீலகிரியை அடைந்தது. 1876-ஆம் ஆண்டு கியூ தோட்டத்து ரப்பர் நாற்றுகள் அதிலேயே இலங்கைக்குச் சென்றன. அடுத்த ஆண்டு ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூரையும் எய்தின. சின்கோனாப் பட்டையின் கொயினா உயிர்கள் பலவற்றைக் காத்தது. ஆயின், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் நெற்றி வியர்வை நிலத்திற் சிந்தியவர் பல்லாயிரம் தமிழ் மக்கள் என்பதை நாம் மறத்தல் ஆகாது. பேழையுட் சென்ற நாற்றிற்கு வெயிலும் காற்றும் அளந்து தரப்பெற்றன. அதன்பின் சென்ற மாந்தர்க்கு அத்துணைப் பேணுதல் கிட்டிற்றிலது. இப்பழியை வார்டின்மீது சுமத்துதல் முறையன்று. எனினும், ஒருவர் நன்னோக்கொடு தந்த கருவி பிறர் கையில் யாதாகும் என்பதை அவர் வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

1851-ஆம் ஆண்டு லண்டனில் நிகழ்ந்த பெருங்கண்காட்சியில், பதினெட்டு ஆண்டுகள் நீர் வாராத செடிப்புட்டியொன்றை வார்டு வைத்தார். அடுத்த ஆண்டு இராயல் கழகம் இவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. தென் ஆப்பிரிக்கப் பாசியொன்றிற்கு வார்டியா எனப் பெயரிட்டுப் புலவர் இவரைச் சிறப்பித்தனர். பெருஞ்செல்வம் சேர்த்தாரில்லை. 1868-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 4-ஆம் நாள், செயின்ட் லெனார்ட்ஸ் என்னும் கடற்கரை ஊரில் உயிர் நீத்தார். நார்வுட் இடுகாட்டிற் பெயர் பொறித்த கல்லுமின்றி அடக்கம் செய்யப்பெற்றார்.

கல்லில் எழுதாத அப்பெயரை ஒவ்வொரு கண்ணாடிக் கலமும் நினைவூட்டுகின்றது. அத்தகைய கலம் அமைத்தல் நம்மனோர்க்கும் அரிதன்று. அகன்ற வாயுடைய புட்டியின் அடியிற் சிறு கூழாங்கல்லும், அதன்மேற் கரித்துண்டும், அதன்மேல் ஈரமண்ணும் பரப்பிப் பாசியும் சிறு பெரணியும் நடுக. மூடி, நேர்வெயில் படாத ஒளியில் வைக்க. கண்ணாடியில் நீர் மிகுதியாய்ப் படியின் மூடியைச் சிறிது திறந்து வைக்க. விடுதி அறையின் மேசையில் அத்தகைய புட்டியொன்று இருப்பின், அஃது அணிகலனாக மட்டும் இருத்தல் வேண்டா. தேடிய பொருளோடு தேடாத பொருளையும் நோக்குக என்றும், கண்டதை மறையாது உலகிற்கு ஈக என்றும், அவ்வீகை எளியோர் வாயிலையும் எட்டுகின்றதா எனப் பார்க்க என்றும் அது நமக்கு நாடோறும் உணர்த்துமாக.