யோசனை ஒருவருடையது, பேர் இன்னொருவருடையது

ரயிலில் சீட்டு ஆடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே 52 சீட்டில் நாலு பேர், இரண்டிரண்டு கூட்டாளிகளாக ஆடும் மூளை விளையாட்டுதான் பிரிட்ஜ். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா இதில் தங்கம் வாங்கியது.

இதில் பேர் பெற்றவர் சாமுவேல் ஸ்டேமன். 1909-ல் அமெரிக்காவில் பிறந்தார். கம்பளி வியாபாரி.

பிரிட்ஜில் கூட்டாளிக்குச் சீட்டைக் காட்டக் கூடாது. ஏலம் கேட்கும்போதே சேதி சொல்லணும். பலமான கை உள்ளவர் துருப்பு இல்லாமல் ஒன்று கேட்டால், கூட்டாளி இரண்டு கிளாவர் என்பார். கிளாவர் இருக்குன்னு அர்த்தமில்லை! ஆட்டினிலோ இஸ்பேட்டிலோ நாலு சீட்டு இருக்கான்னு கேள்வி. இருந்தா அதைச் சொல்லணும், இல்லைன்னா இரண்டு டைமன். நாலும் நாலும் எட்டு சேர்ந்தா அதையே துருப்பு ஆக்கலாம்.

இதை யோசித்தவர் ஸ்டேமனின் கூட்டாளி ஜார்ஜ் ரப்பே. 1945-ல் பத்திரிகையில் எழுதியவர் ஸ்டேமன். அதனால் உலகம் முழுக்க இந்த முறைக்கு ஸ்டேமன் என்றே பேர்! இருவரும் ஒரே அணியில் 1950, 1951, 1953-ல் உலகக் கோப்பையை வென்றார்கள். ஸ்டேமன் 1993-ல் காலமானார்.

நண்பர்களே, நல்ல யோசனை வந்தா உடனே எழுதி வையுங்க. அடுத்தவங்க யோசனையை எழுதினா அவங்க பேரையும் சேர்த்து எழுதுங்க!