இழை கண்ட பேரறிஞர் வால்ட்டர் பிளெம்மிங்

விண்ணளாவ வளர்ந்த ஆலமரமும், அதன் அடியில் ஊர்ந்து செல்லும் எறும்பும், அவ்விரண்டையும் நோக்கி நிற்கும் மனிதனும் தொடக்கத்தில் ஒவ்வோர் உயிரணுவாகவே இருந்தன என்பதை நாம் பாடநூல்களில் எளிதிற் படித்து விடுகிறோம். அவ்வோரணு பலகோடி அணுக்களாய்ப் பெருகுமாறு எங்ஙனம் என்னும் வினாவிற்கு விடை காணும்பொருட்டுத் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்ட பெரியாரை நம்மிற் பலர் அறியோம். அவரே ஜெர்மானிய அறிஞர் வால்ட்டர் பிளெம்மிங். 1928-ஆம் ஆண்டிற் பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங் வேறு, இவர் வேறு. பெயரொற்றுமையால் இவர் மறக்கப்படுதல் முறையன்று எனக் கருதி, இவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுந்தோம்.

ஜெர்மனியின் வடபாலுள்ள மெக்லென்பர்க் நாட்டில், ஷ்வெரின் நகருக்கு அணித்தான சாக்சன்பர்க் என்னும் இடத்தில், 1843-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையார் மனநோய் மருத்துவத்தில் வல்லவர். அவ்விடத்து மருத்துவ விடுதியின் தலைவராகவும் விளங்கினார். மகனாரும் மருத்துவமே பயின்று, 1868-ஆம் ஆண்டில் ரோஸ்டாக் பல்கலைக் கழகத்திற் பட்டம் பெற்றார். 1870-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுடன் போர் மூண்டபோது படை மருத்துவராய்த் தொண்டாற்றினார். பின்னர்ப் பிராக் நகரில் ஆசிரியராயிருந்து, 1876-ஆம் ஆண்டில் பால்டிக் கடற்கரையிலுள்ள கீல் நகரத்துப் பல்கலைக் கழகத்தில் உடற்கூற்று நூற் பேராசிரியராக அமர்ந்தார். அவர்தம் புகழுக்குக் காரணமான ஆராய்ச்சிகள் அந்நகரிலேயே நிறைவெய்தின.

அக்காலத்து அறிஞர் உயிரணுவைப்பற்றி அறிந்திருந்தது யாது? தாவரங்கள் உயிரணுக்களாலாயவை என்பதை ஷ்லைடன் 1838-இலும், விலங்குகளும் அத்தன்மையவே என்பதை ஷ்வான் 1839-இலும் விளக்கியிருந்தனர். முன்னிருந்த உயிரணுவினின்றே புதிய உயிரணு தோன்றும் என்னும் கொள்கையை விர்ச்சோ 1855-இல் வலியுறுத்தினார். ஆயினும், அணுவின் நடுவேயுள்ள உட்கரு இரண்டாகும் வகை மட்டும் தெளிவுபடவில்லை. பழைய உட்கரு கரைந்தொழியப் புதியன இரண்டு தோன்றும் என்பார் சிலர். அஃது இடையிலே குறுகி இரண்டாய் அறுபடும் என்பார் வேறு சிலர். உட்கரு நிறமற்றதாதலின், நுண்பெருக்கியிலும் அதன் உள்ளமைப்பைத் தெளிவாகக் காணுதல் அரிதாயிருந்தது.

இவ்விடர்ப்பாட்டிற்கு இருவகையால் பிளெம்மிங் வழி கண்டார். துணிகளுக்கு நிறமேற்றும்பொருட்டு நிலக்கரித் தாரினின்று செய்யப்பட்ட அனிலீன் சாயங்கள் அக்காலத்திற் புதியனவாய் வந்திருந்தன. அவற்றை உயிரணுவில் ஊட்டியபோது, உட்கருவினுள் ஒரு பொருள் மட்டும் சாயத்தை மிகுதியாய் ஏற்று விளங்குவதைக் கண்டார். நிறத்தை ஏற்கும் இயல்பு பற்றி, அதற்குக் குரோமாட்டின் என 1879-இற் பெயரிட்டார். இஃது ஒரு வழி. ஆனால் சாயமேற்றிய அணு உயிரற்றது. அஃது ஒரு கணத்து நிலையை மட்டுமே காட்டும். பல நிலைகளுள் எது முந்தியது, எது பிந்தியது என்பதை அதனிடம் கேட்டறிதல் இயலாது. ஆகவே, சாலமாண்டர் என்னும் நீர்நிலவாழ் பிராணியின் இளங்குஞ்சுகளைத் தேர்ந்துகொண்டார். அவற்றின் உயிரணுக்கள் பெரியன; வால்துடுப்பும் செவுளும் ஒளி ஊடுருவுமளவு மெல்லியன. உயிருள்ள அணு பிரிவதைப் பல மணிநேரம் நோக்கியிருந்து, சாயத்திற் கண்ட நிலைகளை அதனோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தினார்.

அவர் கண்ட வரிசையை நாமும் காண்போம். முதலில், வலைபோற் கிடந்த குரோமாட்டின் நூற்சிக்கலைப்போல் இழையிழையாய்த் திரளும். இழைகள் தடித்துக் குறுகும். ஒவ்வோரிழையும் நெடுக்காகப் பிளந்து இரட்டையாய்த் தோன்றும். உட்கருவின் உறை மறையும். இழைகளெல்லாம் அணுவின் நடுவே அணிவகுத்து நின்று, பின்னர் இரு கூட்டமாய் எதிரெதிர் முனைகளை நோக்கி நகரும். ஆங்கு மீண்டும் வலையாகி இரண்டு உட்கருக்கள் உண்டாகும். இறுதியில் அணுவின் உடலும் இரண்டாகும். இழை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று இந்நிகழ்ச்சிக்கு மைட்டோசிஸ் என அவர் பெயர் சூட்டினார். 1882-ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது பெருநூல் இவற்றையெல்லாம் தெளிந்த படங்களுடன் விளக்குகின்றது.

இவருடைய வாழ்க்கையில் நாம் சிறப்பாகப் போற்றத்தக்கது ஒன்றுண்டு. பிளவுற்ற இழையின் ஒரு பாதி ஒரு முனைக்கும் மறுபாதி மறுமுனைக்கும் செல்லும் என்று கருத அவருக்கு இடமிருந்தது. எனினும் ஐயமறக் கண்டிலராதலின், அதனை முடிந்த முடிபாக அவர் கூறினாரல்லர். மறு ஆண்டிலேயே, குதிரையின் குடற்புழுவை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் வான் பெனடன் அதனை உறுதிப்படுத்தினார். இழைகளுக்குக் குரோமோசோம் என்னும் பெயரை 1888-இல் வால்டையர் அளித்தார். மெண்டல் 1866-இல் வெளியிட்ட மரபு விதிகளோ 1900 வரை அறிஞருலகின் கருத்தை ஈர்க்கவில்லை. ஆதலால், பெற்றோரின் இயல்புகளை மக்களுக்குச் சுமந்து செல்வன தாம் கண்ட இழைகளே என்பதை நிலைநாட்டும் பேறு பிளெம்மிங்கிற்கு வாய்க்கவில்லை. பிறர் கட்டிய மாளிகைக்கு அடிக்கல் நாட்டியதே அவர் பெருமை.

ஆய்வகத்திற்கு வெளியிலும் அவர் உள்ளம் எளியோரை மறந்ததில்லை. வீடற்றவர்களுக்கு வாரந்தோறும் உணவளித்தார். தம் வருவாயில் ஐந்திலொரு பங்கை அவர்தம் விடுதிக்கு ஈந்தார். பள்ளி செல்லும் வசதியற்ற சிறார்க்குத் தாமே கணிதம் கற்பித்தார். இறுதி ஆண்டுகளில் உடல்நலம் குன்றிய அவர், 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4-ஆம் நாள் கீல் நகரில் இயற்கை எய்தினார்.

அவர் தொடங்கிய பணியின் பயன் இன்று மருத்துவமனைகளிலும் விளங்குகின்றது. புற்றுநோயாவது, உயிரணுக்கள் வரம்பு கடந்து பிரிந்து பெருகுவதேயன்றோ? நம் வீட்டு முற்றங்களிற் பூக்கும் நித்தியகல்யாணியினின்று எடுக்கப்படும் வின்கிறிஸ்டின் என்னும் மருந்து, பிரியும் அணுவில் இழைகள் நகரவொட்டாமல் தடுத்து அந்நோயை எதிர்க்கின்றது. சாலமாண்டர்க் குஞ்சின் வாலை நோக்கியிருந்த நாளில் இப்பயனை அவர் எண்ணியிருக்க இடமில்லை.

ஆய்வகத்தில் நுண்பெருக்கியின்முன் அமரும் மாணவ நண்பர்களே! வெங்காய வேர் நுனியில் அவ்விழைகளை நாம் காணும்போது இப்பெரியாரை நினைவு கூர்வோமாக. நூலிற் கண்ட படத்தை வரைந்துவிட்டு எழுதல் எளிது. கண்ணாற் கண்டதை மட்டும், கண்ட அளவிற்கே வரைதல் அரிது. அவ்வருஞ்செயலை அவர் செய்தார். நாமும் செய்யப் பழகுவோமாக.